பங்கு போட்ட மருந்து

முப்பத்தைந்து வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், எங்கள் நீரிழிவுச் சிகிச்சை நிலையத்து வைத்தியர் அரியாலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மிஸ், ஒரு சின்ன வேலை. கதிரையிலை இருந்து செய்யிற வேலை" என்றார். அதில் 'சின்ன' என்பதும் பொய், 'கதிரை' என்பதும் பொய். அவர் பயிற்சி வைத்தியராக வந்த காலத்திலிருந்து என்னை அறிந்தவர். என் பலவீனம் அவருக்கு அத்துப்படி. "உங்களைப்போலை வடிவாச் செய்ய ஒருத்தரும் இல்லை மிஸ்" என்று அடுத்த வார்த்தையைச் சொன்னார். நான் விழுந்துவிட்டேன்.

வேலை இதுதான். நீரிழிவுக்காரரின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பு வந்திருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று இடங்களில் ஆய்வு நடந்தது. மற்ற இரண்டும் தெற்கில். ஆட்களில் அரைவாசிக்கு மேல் எங்களுடையவர்கள். யாழ்ப்பாணத்தாருக்குச் சீனி வியாதியும் கூட, படிவம் நிரப்புகிற பொறுமையும் கூட. பாதிப் பேருக்கு மருந்து போட்ட களிம்பு, மீதிப் பேருக்கு மருந்து போடாத வெறும் களிம்பு. இரண்டும் ஒரே நிறம், ஒரே மணம், ஒரே மாதிரி ரியூப். வெளியில் ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

இதை விளங்கப்படுத்தப் பதினொரு பக்கத்தில் ஒரு சம்மதப் படிவம் தந்திருந்தார்கள். தமிழ்தான், ஆனால் தாய் வயிற்றில் பிறந்த எவரும் கதைக்காத தமிழ். 'எழுந்தமானமான ஒதுக்கீட்டுக்குட்படுத்தப்படுவதற்கு நான் உடன்படுகிறேன்' என்று மூன்றாம் பக்கத்தில் வரும். குலுக்கல் மாதிரி மருந்தைப் பிரிக்கச் சம்மதம் என்பதுதான் அது. அதை நான் வாசித்துக் காட்டியபோது பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒரு வெங்காயத் தோட்டக்காரர், "மிஸ், இது காணி விக்கிற உறுதியோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து படிவத்தை மூடி வைத்துவிட்டு வாயால் சொல்லத் தொடங்கினேன்.

அப்படி நான் வாயால் சொன்னவர்களில் ஒருவர்தான் வல்வெட்டித்துறைக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும். சொந்த வள்ளம் வைத்திருந்த கடலோடி. வலது காலில் பெருவிரல் முந்திய வருடமே போய்விட்டது. இப்போது அதே காலில் குதியில் கோழிமுட்டையளவு புண். சத்திரசிகிச்சை நிபுணர் அவருக்கு ஒரு தவணை சொல்லியிருந்தார். தைப்பொங்கல் வரைக்கும் பார்ப்போம், மூடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்போம் என்பது அந்தத் தவணை.

"வாடை தணிஞ்சு கடல் படுக்கிற நேரம் நான் வள்ளத்திலை நிக்கவேணும் தங்கச்சி" என்றார். "விரல் இல்லாமல் நிண்டிடலாம். குதி இல்லாமல் ஏலாது."

நான் இரண்டு களிம்பைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப எனக்கு எது தாறது எண்டு டொக்டருக்கும் தெரியாதோ?"

"தெரியாது அண்ணை."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அப்ப ஆருக்குத்தான் தெரியும்?"

"கொழும்பிலை ஒரு கணினிக்குத் தெரியும்."

"அது என்ரை காலைப் பாக்கேல்லையே" என்றார். பிறகு கையெழுத்து வைத்தார். வேறு வழி அவருக்கும் இருக்கவில்லை.

இனி இடைப்பார்வையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் வந்தது. சாதாரண ஆய்வென்றால் எல்லாரையும் சேர்த்து, எல்லாரையும் பார்த்து முடித்து, கடைசியில் ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். எங்களுடையது அப்படியில்லை. நடுவில் மூன்று தடவை கணக்குப் பார்ப்பது என்று ஏற்பாடு. மருந்து நல்லது என்று தெளிவாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். ஒரு பிரயோசனமும் இல்லையென்று தெரிந்தாலும் நிறுத்திவிடலாம், சனத்தை வீணாக அலைக்கத் தேவையில்லை. நியாயமான ஏற்பாடுதான். அதை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் சமைக்கிறவள் பார்க்கக்கூடாது. கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு பார்க்கும். சமைக்கிறவள் பானைக்கு முதுகு காட்டிக்கொண்டு அடுப்பை எரிக்க வேண்டும்.

பார்ப்பதற்கு அவர்களுக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. குறிப்பிட்ட தொகை ஆட்கள் களிம்பு பூசத் தொடங்கிப் பன்னிரண்டாவது கிழமையை முடித்திருக்க வேண்டும்; புண் மூடாதவர்களுக்கு அதற்குப் பிறகும் களிம்பு தொடரும். ஒவ்வொருவரின் புண்ணையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருக்க வேண்டும். பதினான்கு நாளுக்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, கொழும்பு கேட்கும் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் எழுதி முடித்து, பிறகு பூட்ட வேண்டும். பூட்டினால் பூட்டினதுதான், ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

இந்தப் பதினான்கு நாளைத் திட்டமிட்ட புண்ணியவான் நல்லூர்க் கொடியேற்றத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. முதல் இடைப்பார்வைக்கான பதினான்கு நாளும் திருவிழாவின் நட்ட நடுவில் வந்து விழுந்தன. என் நோயாளிகளில் பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் வீதியில். சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று நான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். ஒருவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். நடக்கவில்லை, உருண்டார். முழு வீதியும் பிரதட்டை செய்துவிட்டு, அதே ஈரவேட்டியோடு படமெடுக்க வந்து நின்றார். நான் கத்தியபோது, "மிஸ், கால் நிலத்திலை படேல்லைத்தானே" என்றார். முழங்கை இரண்டும் உரிந்திருந்தது. அளவுகோலை எங்கே வைப்பது என்று எனக்கே ஒரு கணம் குழம்பிப்போய்விட்டது.

கொழும்பின் சந்தேகங்கள் இன்னொரு வகை. ஒருவருக்குப் புண் முழுதாக ஆறிவிட்டது. நான் சந்தோஷத்தோடு படத்தை அனுப்பினேன். 'படத்தில் புண்ணைக் காணவில்லை, மறுபடி அனுப்பவும்' என்று வந்தது. 'புண் ஆறிவிட்டது, அதனால்தான் காணவில்லை' என்று எழுதினேன். 'ஆறியதை உறுதிப்படுத்த, புண்ணின் படத்தை அளவுகோலுடன் அனுப்பவும்' என்று வந்தது. ஆறின தோலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து, நீளம் பூச்சியம், அகலம் பூச்சியம் என்று எழுதி அனுப்பினேன். 'ஆழம் குறிப்பிடப்படவில்லை' என்று வந்தது. விசர் பிடிக்காமல் நான் தப்பியது அம்மன் புண்ணியம்.

எப்படியோ பூட்டினோம். மூன்று கிழமை கழித்துக் கண்காணிப்புக் குழுவின் கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி. 'ஆய்வை மாற்றமின்றித் தொடரலாம்.'

அவ்வளவுதான். அவர்கள் அதற்கு மேல் சொல்லக்கூடாது என்பதும் விதிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வரியை ஒரு வரியாக யார் விட்டார்கள்? வைத்தியர் அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். "மருந்து படு மோசமெண்டால் நிப்பாட்டியிருப்பினம். நிப்பாட்டேல்லை. அப்ப நல்லது போலை கிடக்கு" என்றார். மருந்தாளர் வந்து வாசித்தார். "மருந்து திறமெண்டாலும் நிப்பாட்டியிருப்பினம். நிப்பாட்டேல்லை. அப்ப கூடாது போலை கிடக்கு" என்றார். இருவரும் பல்கலைக்கழகம் போனவர்கள். பிள்ளையின் சோதனை முடிவுக்கு முதல் நாள் கோயிலில் பூக் கட்டிப் பார்க்கிற தாய்மாரைப் பார்த்து இவர்கள் இனிச் சிரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நானும் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருமுறை வாசித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோயாளிகளுக்கும் அந்த வரியைச் சொன்னோம். வல்வெட்டித்துறையிலிருந்து ஏழு பேர் ஒரே வாடகை வானில் வருவார்கள். எங்கள் கடலோடி அவர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் சேர்ந்து அப்போது இரண்டு கிழமைதான்.

"மாற்றமில்லை எண்டால் என்ன தங்கச்சி? இப்ப இருக்கிற மாதிரியே இருக்கப் போகுதோ?"

"ஓம் அண்ணை. ஆர் எதைப் பூசுறாரோ அதையே பூசவேண்டியதுதான்."

"அப்ப வெறும் பசை பூசுறவன் பசையே பூசிக்கொண்டிருக்கப் போறான்."

"அது ஆரெண்டு தெரியாதே அண்ணை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார்.

அவருக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "அலுப்படிக்காமல் ரெண்டு நேரமும் வடிவாப் பூசுங்கோ, பூசி முடிச்ச ரியூப்பைத் திருப்பிக் கொண்டந்து தாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு பேரும் ஒன்றும் பேசாமல் வானில் ஏறினார்கள். சண்டை போடாமல் போகிறார்களே என்று எனக்குப் பெரிய நிம்மதி.

அதற்குப் பிறகு அந்த ஏழு பேரைப் போல நோயாளிகளை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. திருப்பித் தருகிற ரியூப்பை நாங்கள் நிறுத்துப் பார்ப்போம், உண்மையில் பூசினார்களா என்று அறிய. தெற்கில் பாதி மருந்து அப்படியே திரும்பி வருவதாகக் கேள்வி. எங்கள் வல்வெட்டித்துறை வானோ, போத்தலால் உருட்டி எடுத்த மாதிரித் தட்டையான ரியூப்களைக் கொண்டுவந்து அடுக்கியது. ஒரு துளி மிச்சமில்லை. ஒரு மாதத்தில் இந்த நல்ல பழக்கம் மற்றவர்களுக்கும் தொற்றியது. பண்டத்தரிப்பு வெங்காயக்காரருடைய ரியூப்பும் தட்டை, சாவகச்சேரியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தபாலதிபருடையதும் தட்டை. கொழும்பிலிருந்து கண்காணிக்க வந்த பெண் தராசைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. 'முன்மாதிரி நிலையம்' என்று ஒரு சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது நான்தான். கோணலாக இருக்கிறது என்று இரண்டு தரம் இறங்கி ஏறித் திருத்தினேன்.

அதோடு, எங்கள் கடலோடியின் புண்ணும் சுருங்கத் தொடங்கியது. ஒவ்வொரு படத்திலும் அளவுகோலில் இரண்டு கோடு குறைந்தது. அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, பொங்கலுக்கு முன்னம் மூடுமோ?" என்பார். மூடும் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவர் விளங்கிக்கொள்வார்.

கார்த்திகை கடைசியில் இரண்டாவது இடைப்பார்வை வந்தது. மறுபடியும் பதினான்கு நாள். இந்தமுறை திருவிழாவுக்குப் பதில் மழை. வீதியெல்லாம் வெள்ளம், வான் ஓடவில்லை. வல்வெட்டித்துறைக்காரர் பன்னிரண்டாவது கிழமைப் படத்துக்கு வரவில்லை. பூட்டுவதற்கு நாலே நாள் இருந்தது. கைப்பைக்குள் அளவுகோலையும் படமெடுக்கும் கருவியையும் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். ஓய்வூதியக்காரிக்கு இது கதிரையிலிருந்து செய்கிற வேலையாம்.

அவருடைய மனைவி கதவைத் திறந்து, "ஐயோ நனைஞ்சு போனியளே மிஸ், உள்ளை வாங்கோ" என்று துவாய் தந்தார். உள்ளே விறாந்தையில் பேப்பர் விரித்திருந்தது. பேப்பரில் ஏழு ரியூப்கள், எல்லாம் மூடி கழற்றி, தட்டையாக. பக்கத்தில் ஒரு பெரிய ஊறுகாய்ப் போத்தல். அதற்குள் வெள்ளையாகக் களிம்பு. கரண்டி உள்ளே நின்றது. போத்தலைச் சுற்றி ஏழு சின்னப் போத்தல்கள் மூடி திறந்தபடி இருந்தன.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் துவாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போத்தலைக் காட்டினேன்.

"அண்ணை, இது என்ன?"

"மருந்து" என்றார், நான் ஏதோ தெரியாத ஆள் மாதிரி. "ஏழு பேரின்ரையையும் ஒண்டாப் போட்டுக் கலக்கிப் பங்கு போடுறம். போத்தல் சுடுதண்ணியிலை அவிச்சது, பயப்பிடாதேங்கோ."

"ஆர் உங்களைக் கலக்கச் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? கடலிலை ஏழு பேர் போனால், ஒருத்தன்ரை வலையிலை பட்டது அவனுக்கு மட்டும் எண்டு ஆரும் வீட்டை கொண்டு போறேல்லை. கரையிலை கொட்டிப் பங்குதான். எங்கள் ஏழு பேரிலை ஆருக்கோ நல்ல மருந்து வந்திருக்கு. ஆருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது, டொக்டருக்குத் தெரியாது. தெரியாட்டில் பங்குதானே போடவேணும்."

வந்த கொதியில் நான், "எல்லாத்தையும் நாசமறுத்துப்போட்டியள் அண்ணை" என்று சொல்லிவிட்டேன். அவருடைய மனைவிக்கு முகம் கறுத்தது. அவர் மட்டும் நிதானமாகக் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். "நாசமறுத்த காலைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். கோழிமுட்டையளவு இருந்த புண் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவுக்கு வந்திருந்தது. ஓரமெல்லாம் நல்ல இளஞ்சிவப்பு. முப்பத்தைந்து வருடத்தில் ஆயிரம் குதி பார்த்தவள் நான். இந்தக் குதி பொங்கலுக்குள் மூடும். அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன்.

பிறகு, "இனிக் கலக்கக்கூடாது. அவையவையின்ரையை அவையவையே பூசவேணும். மற்ற ஆறு பேருக்கும் சொல்லுங்கோ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டாயமோ?" என்றார். "கட்டாயம்" என்றேன். "சரி, சொல்லிப்போட்டியள், இனி இல்லை" என்றார். வல்வெட்டித்துறைக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கைப்பைக்குள் இன்னொரு படிவம் இருந்தது. விதி மீறல் நடந்தால் இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம். நிரப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு பேருக்கும் மருந்தை நிறுத்துவார்கள். ஒரு ரூபாய்க் குற்றியளவு பாக்கியிருக்கும்போது மருந்து நின்றால், பொங்கலுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஏழு பேர்தானே, இவ்வளவு பெரிய ஆய்வில் ஏழு பேர் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். புண் மூடட்டும், மூடினவுடன் எழுதுகிறேன் என்று நினைத்தேன். சுவரில் மாட்டிய சான்றிதழையும் நினைத்தேன். அதை நினைக்கவில்லை என்று இங்கே எழுதலாம்தான், யாரும் வந்து பரிசோதிக்கப் போவதில்லை. ஆனால் நினைத்தேன். படிவம் வெறுமையாகவே வீட்டுக்கு வந்தது. வைத்தியருக்கும் நான் சொல்லவில்லை.

நாலாம் நாள் பூட்டினோம். கொழும்பிலிருந்து ஒரு சந்தேகம்கூட வரவில்லை. எங்கள் தரவு அவ்வளவு சுத்தமாம்.

பொங்கல் முடிந்த கிழமை கடிதம் வந்தது. இந்தமுறை ஒரு வரியல்ல, ஒரு பக்கம். இரண்டு களிம்புக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. தொடர்ந்தாலும் காணக்கூடிய சாத்தியம் இல்லை. ஆய்வை நிறுத்தி மிகுதி மருந்தைத் திருப்பி அனுப்பவும். வைத்தியர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு வித்தியாசமும் இல்லையாம் மிஸ். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆறியிருக்காம். ஆச்சரியமா இருக்கு" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

வெளியில் நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் இருந்த பண்டத்தரிப்புக்காரரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "நீங்களும் மருந்தைக் கலந்தனீங்களோ?"

"ஓம் மிஸ். வல்வெட்டித்துறை ஆக்கள் சொன்னவை. நானும் எங்கடை பக்கத்து மூண்டு பேரும் கலந்தனாங்கள். கார்த்திகையிலை நீங்கள் வேண்டாமெண்டதாம் எண்டு கதை வந்தது, அதோடை விட்டிட்டம்."

தபாலதிபரைக் கேட்டேன். அவர் கலந்தது மட்டுமல்ல, யார் யாருக்கு எத்தனை கிராம் என்று கோடு போட்ட கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார். அதைக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏழு பேர் என்று நான் பஸ்ஸில் போட்ட கணக்கு எவ்வளவு விசர்க் கணக்கு என்று அந்த வாங்கில் எனக்கு விளங்கியது. மாதக் கணக்காக அவர்கள் அந்த வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைத்திருக்கிறார்கள். நான் பத்தடி தள்ளி இருந்து ரியூப் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு முடிந்ததால், யாருக்கு எது என்ற பட்டியலையும் கொழும்பு திறந்து அனுப்பியிருந்தது. வல்வெட்டித்துறை ஏழு பேரின் இலக்கத்தையும் தேடிப் பார்த்தேன். நாலு பேருக்கு மருந்து. எங்கள் கடலோடிக்கு வெறும் களிம்பு. கார்த்திகையில் நான் போய்க் கலக்கவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அந்த மனிதர் தன் குதிக்கு வெறும் பசையைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிகுதி மருந்தை வாங்கிவர நான் மறுபடியும் பஸ் ஏறினேன். மழை விட்டிருந்தது. அவர் விறாந்தையில் காலை நீட்டியபடி இருந்தார். புண் அதே ஒரு ரூபாய்க் குற்றி. ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. கட்டை அவிழ்த்துப் பார்க்க முன்பே மணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"மருந்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம் அண்ணை."

"ஏனாம்?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லையாம்."

அவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர். கொழும்பில் மூன்று பேருக்கும் கணினிக்கும் விளங்காதது அவருக்கு மூச்சு விடுகிற நேரத்தில் விளங்கியது. "வித்தியாசம் எப்பிடி வரும் தங்கச்சி? நாங்கள்தானே எல்லாத்தையும் கலந்து வச்சிருந்தனாங்கள். அதை நீங்கள் அவையளுக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னால் உங்கடை மருந்தை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயந்தன் அண்ணை. கால் மூடட்டும் எண்டு பாத்தன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "என்ரைக்குள்ளை எது இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"வெறும் களிம்பு."

சின்னச் சிரிப்பொன்று சிரித்தார். உள்ளே போயிருந்த மனைவியைக் கூப்பிட்டு, மிச்ச ரியூப்பைக் கொண்டுவந்து தரச் சொன்னார். அது வரும்வரை கட்டு அவிழ்த்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரியூப்பை என் கையில் வைத்தார்.

"என்ரை கால்தானே தங்கச்சி" என்றார். "என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

ரியூப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அன்று பின்னேரமே அந்தப் படிவத்தை நிரப்பி வைத்தியரிடம் கொடுத்தேன். இருபத்திநாலு மணித்தியாலத்தில் போகவேண்டியது ஏழு கிழமை கழித்துப் போனது. நேரத்துக்குப் போயிருந்தால் எங்கள் கணக்கை ஒதுக்கிவிட்டுப் புது ஆட்களோடு ஆய்வைத் தொடர்ந்திருப்பார்கள். வைத்தியர் வாசித்துவிட்டு அன்றே கொழும்புக்கு அனுப்பினார். கண்காணிப்புக் குழு 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி எழுதியது. அதற்குள் தெற்கில் இரண்டு இடத்தையும் மூடிவிட்டார்கள். மிச்ச மருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பிப் போய்விட்டது. மறுபடி தொடங்க யாருக்கும் மனமும் இல்லை, மருந்தும் இல்லை.

மாசியில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டு மாற்ற எங்களிடம்தான் வருகிறார். வரிசையில் இருந்து, முறை வந்ததும் மற்றவர்களைப் போலவே எனக்கு முன்னால் காலை நீட்டுகிறார். நல்ல மருந்து கிடைத்திருந்தால் அந்தக் குதி மூடியிருக்குமா என்று அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் கேட்டார். தெரியாது அக்கா என்றேன். உண்மையும் அதுதான். அந்த மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்று இப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை சனமும் காலை நீட்டியது. தெரியாமல் பண்ணியது நான்.